எலும்புக் கட்டிக்கு எம்ஆர்ஐ: கிருஷ்ணகிரி ஸ்கேன் சென்டருக்கு 4 ஸ்டார்

என் அண்ணனுக்கு முழங்காலுக்கு மேலே சின்ன வயதிலிருந்தே ஒரு எலும்புத் துருத்தல் உண்டு. ஆஸ்டியோகாண்ட்ரோமா, சாதாரணக் கட்டிதான். உடம்பு வளரும் வயதில் எலும்போடு சேர்ந்து அதுவும் வளரும், எலும்பு வளர்வது நின்றால் அதுவும் நின்றுவிட வேண்டும். நாற்பதைத் தாண்டிய அண்ணனுக்கு அது பெரிதாகி வலிக்கவும் ஆரம்பித்ததால்தான் டாக்டர் எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தார்.

முதலில் தருமபுரியில் ஓரிடத்தில் எடுத்தோம். ரிப்போர்ட்டில் கட்டியின் பெயரைத் தவிர உருப்படியாக ஒன்றுமில்லை. "குருத்தெலும்பு எவ்வளவு தடிமன்னு போடவே இல்லையே, அதுக்குத்தானே எழுதினேன்" என்று டாக்டர் திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்தக் கட்டியின் தலையில் மூடி மாதிரி குருத்தெலும்பு இருக்கும், புற்றாக மாறினால் பெரும்பாலும் அங்கிருந்துதான், அதற்குக் காண்ட்ரோசார்கோமா என்று பெயர். பெரியவர்களுக்கு அந்த மூடி 2 செ.மீ.க்கு மேல் தடித்திருந்தால் சந்தேகப்படுவார்கள். ஒற்றைக் கட்டி இப்படி மாறுவது சுமார் 100-ல் ஒருவருக்குத்தான், பரம்பரையாகப் பல எலும்புகளில் கட்டி இருப்பவர்களுக்கு ஆபத்து அதைவிட அதிகம். அளவே போடாத ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு டாக்டர் என்னதான் சொல்வார்? எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

அப்புறம்தான் கிருஷ்ணகிரிக்குப் போனோம். இங்கே படுக்க வைப்பதற்கு முன்னாலேயே டெக்னீஷியன் பையன் "எந்த இடம்ணா, எப்போலேர்ந்து வலி, இந்தக் கட்டி வீட்டுல வேற யாருக்காவது இருக்கா?" என்று கேட்டு எழுதிக்கொண்டான், பழைய எக்ஸ்ரேயையும் வாங்கி உள்ளே கொடுத்தான். ரிப்போர்ட்டில் குருத்தெலும்பு 6 மி.மீ. என்று தெளிவாக இருந்தது. தசை உரசி உரசிக் கட்டிக்கு மேலே ஒரு நீர்ப்பை உண்டாகியிருக்கிறது, வீக்கமும் வலியும் அதனால்தான் என்று ரேடியாலஜிஸ்ட் திரையிலேயே காட்டிச் சொன்னார். அண்ணி அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

ஒரு ஸ்டார் குறைத்ததற்குக் காரணம் காத்திருப்பு. காலையில் டோக்கன் போட்டும் மதியம் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் கூப்பிட்டார்கள், காலை நீட்டி உட்காரக்கூட இடமில்லை. போகிறவர்கள் பழைய ஃபிலிம் எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள், சிடியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த முறை எடுக்கும்போது வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட அது வேண்டும்.