திருவொற்றியூருக்கு மெட்ரோவில் போகிறீர்களா? தேரடியில் இறங்குங்கள்

பெயரைப் பார்த்து 'திருவொற்றியூர்' நிலையத்தில் இறங்கிவிட்டால் தியாகராஜ சுவாமி கோயிலுக்குத் திரும்பி நடக்க வேண்டியிருக்கும். அதற்கு ஒன்று முன்னால் வரும் 'திருவொற்றியூர் தேரடி'தான் சரியான இடம். அங்கிருந்து சன்னதி சில நிமிட நடை. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டைக்கு வடக்கே சென்னை மெட்ரோ நீண்டபோது இந்த நிலையம் தயாராகவில்லை, 2022 மார்ச்சில்தான் திறந்தது. அந்த ஓராண்டில் வந்து போனவர்கள் சொன்ன வழியை இப்போது நம்ப வேண்டாம்.

நீல வழித்தடத்தில் ஏறும் முன் ரயில் எதுவரை போகிறது என்று பாருங்கள். கூட்ட நேரத்தில் சில ரயில்கள் வண்ணாரப்பேட்டையோடு திரும்பிவிடும். கோயம்பேடு பக்கமிருந்து வருகிறவர்கள் சென்ட்ரலில் மாற வேண்டும். புறநகர் மின்சார ரயிலும் உண்டு, ஆனால் அந்த ஸ்டேஷன் ஊரின் மேற்கு ஓரம். கோயிலுக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும். மெட்ரோவே மேல். வழியில் சர் தியாகராயா கல்லூரி பெயரிலேயே ஒரு நிலையம் வருகிறது. 1950இல் தொடங்கி, வடசென்னைப் பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாகப் பட்டதாரிகளாக்கிய கல்லூரி அது.

தியாகராஜ சுவாமி கோயிலுக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். பகல் 12 மணி வாக்கில் நடை சாத்தினால் மறுபடி மாலை நான்கு மணிக்குத்தான். மூலவர் ஆதிபுரீசுவரர் புற்று வடிவம், ஆண்டு முழுதும் கவசத்தில் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள் மட்டும் கவசம் களைந்து, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். அந்த மூன்று நாளும் வரிசை மணிக்கணக்கில் நீளும் என்று தெரிந்தே வாருங்கள். சாதாரண நாளில் தரிசனம் முடிந்ததும் வெளியேறிவிடாமல் கருவறையின் பின்புறம் போய்ப் பாருங்கள். யானை படுத்த முதுகுபோல் வளைந்த தூங்கானை மாடம், முழுக்கக் கருங்கல். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் இதைக் கட்டிய தச்சன் பெயர் இரவி என்ற வீரசோழத் தச்சன் என்று கல்வெட்டே சொல்கிறது. கோயில் கட்டியவன் பெயர் கல்லில் நிற்பது அபூர்வம். அதற்காகவே இந்தச் சுற்று வேண்டும்.

தலமரம் மகிழம். தாம் மணக்கவிருந்த சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் செய்தது இதன் அடியில்தான். சன்னதியில் சத்தியம் கேட்கும்போது நீர் மகிழ மரத்துக்குப் போய்விடும் என்று இறைவனிடம் அவர் முன்கூட்டியே சொல்லிவைக்க, இறைவனோ மரத்தடியிலேயே சத்தியம் வாங்கு என்று சங்கிலியார் கனவில் சொல்லிவிட்டார். வாக்குத் தவறி ஊர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்குக் கண் போனது. மாசித் திருவிழாவின் மகிழடி சேவை இந்தக் கதைதான். கூட்டத்துக்கு அஞ்சாதவர்கள் அன்றைக்கே வரலாம்.

பௌர்ணமியில் மூன்று அம்மன் தரிசனம் செய்கிறவர்களுக்கு: காலையில் மீஞ்சூரை அடுத்த மேலூர் திருவுடை அம்மன், உச்சியில் இங்கே வடிவுடை அம்மன், மாலையில் வடதிருமுல்லைவாயில் கொடியிடை அம்மன். சறுக்குவது நடுவில்தான். மேலூரில் தாமதித்தால் இங்கே நடை சாத்தியிருக்கும். பதினொரு மணிக்குள் தேரடிக்கு வந்துவிடுங்கள்.

சித்தர் பட்டினத்தார் சமாதி கிழக்கே, கடலோரம். மெட்ரோவின் குறை இங்கேதான் தெரிகிறது. ஷேர் ஆட்டோக்கள் டி.எச். ரோட்டோடு (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) வடக்கு தெற்காக ஓடும். கடல் பக்கம் போக நடை அல்லது தனி ஆட்டோதான். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே குழந்தைகளோடு சாலையைக் கடப்பது கடினம். அதனால் விடியற்காலையில் சமாதியை முடித்துவிட்டுக் கோயிலுக்கு வாருங்கள். அவர் கையிலிருந்த கசக்கும் பேய்க்கரும்பின் நுனி இனித்த இடம் இதுவென்று தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் அரைமணி போவது தெரியாது. மணல் விரிந்த கடற்கரையை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். தெற்கிலிருந்து வரும் மணலைச் சென்னைத் துறைமுகம் தடுத்துவிட, மெரினா அகன்றது, இந்தக் கரை தேய்ந்தது. அலை இப்போது கற்குவியலில் மோதுகிறது. குளிக்க இறங்கவே கூடாது. பிரளய வெள்ளத்தை ஒற்றி விலக்கியதால் ஒற்றியூர் என்று புராணம் சொல்லும் ஊருக்கு இந்த நிலை வந்திருப்பது வேதனை.

தொழிற்சாலைகளை ரயில் ஜன்னலிலிருந்து பார்த்தாலே போதும். தண்டையார்பேட்டையைத் தாண்டிப் பாதை மேலே ஏறியபின் கூரைகள் தெரியத் தொடங்கும். டயர் கம்பெனி எம்.ஆர்.எஃப். 1946இல் பலூன் செய்யத் தொடங்கியது திருவொற்றியூர்க் கொட்டகையில். புல்லட் மோட்டார் சைக்கிள் செய்த என்ஃபீல்டு இந்தியா 1955இல் வந்தது. விம்கோ நகர் என்ற பெயரே தீப்பெட்டிக் கம்பெனி தந்தது.

திரும்பும்போது காலடிப்பேட்டையில் இறங்குங்கள். 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராயிருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய காலெட்பேட்டைதான் நாளடைவில் காலடிப்பேட்டை ஆனது. தினமும் காஞ்சிபுரம் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வேலைக்கு வந்த தம் எழுத்தருக்காகக் காலெட் கட்டித் தந்தது என்று சொல்லப்படும் கல்யாண வரதராசப் பெருமாள் கோயில் இங்கே இருக்கிறது. பெரிய கோயிலில் கூட்டம் நெரிக்கும் நாளிலும் இங்கே அமைதியாகச் சேவிக்கலாம்.

பழவேற்காட்டையும் அதே நாளில் சேர்க்காதீர்கள். ஏரிக்கும் டச்சுக் கல்லறைகளுக்கும் தனியாக ஒரு நாள் வேண்டும். அதற்குப் பொன்னேரி வழிதான் வசதி, இந்த மெட்ரோ உதவாது.