போஞ்சி இலை மஞ்சளானால்: யூரியாவா, எப்சம் உப்பா, டொலமைட்டா?

நுவரெலியா, வெலிமடைப் பக்கம் போஞ்சி இலை வெளுத்தால் கை முதலில் போவது யூரியாப் பைக்குத்தான். பல நேரம் அது தவறான பை. எந்த இலை முதலில் மஞ்சளானது என்று பார்த்துவிட்டுப் பையை அவிழ்ப்பது நல்லது.

அடியிலை நரம்போடு சேர்ந்து ஒரே சீராக வெளிறினால் நைதரசன் குறைவு. அதே அடியிலையில் நரம்பு பச்சையாக நின்று இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மகனீசியக் குறைவு. நுனித் தளிர் அப்படி ஆனால் இரும்பைச் சந்தேகிக்கலாம். மலையகத்துப் புளிப்பு மண்ணில் அது அபூர்வம், சுண்ணாம்பை அள்ளிக் கொட்டிய பாத்தியில்தான் பெரும்பாலும் வரும். செடி முழுவதும் சோர்ந்து நின்றால் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் பழுப்பேறி அழுகியிருந்தால் தண்ணீர் தேங்கியிருக்கிறது. இளஞ்செடியின் தண்டடி வீங்கி வெடித்திருந்தால் உள்ளே போஞ்சி ஈயின் புழு. இந்த இரண்டுக்கும் யூரியா, எப்சம் உப்பு, டொலமைட் மூன்றும் உதவாது.

யூரியாவில் 46% நைதரசன். வேகமாக வேலை செய்யும்: ஒரு வாரத்தில் புது இலை கரும்பச்சையாகும். சதுர மீற்றருக்கு 10 கிராம் போதும், அதாவது தட்டையாக எடுத்த இரண்டரைத் தேக்கரண்டி. தண்டிலிருந்து நாலு விரல் தள்ளித் தூவி, மண்ணால் மூடி, தண்ணீர் விட வேண்டும். தண்டடியில் குவித்தால் வேர் கருகும். அளவு மீறினால் கொடி கொழுத்து ஏறும், காய் பிடிக்காது. பெருமழைக்கு முதல் நாள் போட்டால் பெரும்பங்கு வடிகானோடு போய்விடும். தொடர்ந்து போட்டால் மண்ணின் புளிப்பும் கூடும். இதைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

எப்சம் உப்பு, அதாவது மகனீசியம் சல்பேற்று, மகனீசியக் குறைவுக்கு மட்டும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 10 கிராம் கரைத்து, வெயில் தணிந்த பிறகு இலையின் இரு பக்கமும் நனையத் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. மஞ்சளான பழைய இலை முழுதாகத் திரும்பாது, அடுத்து வரும் இலையைப் பார்த்துத்தான் பலனை அறிய வேண்டும். மண்ணை அது திருத்தாது. அடுத்த போகமும் அதே மஞ்சள் வரும். லயத்துத் தோட்டங்களில் இன்னொரு காரணமும் உண்டு: அடுப்புச் சாம்பல். தினமும் ஒரே பாத்தியில் கொட்டினால் பொட்டாசியம் மிஞ்சி, மகனீசியத்தை வேர் எடுக்க விடாது.

டொலமைட் என்ற சுண்ணாம்புக் கல் தூள் இதற்கு நேரெதிர். நிற்கும் பயிரை அது காப்பாற்றாது, ஆனால் நீண்ட காலத்துக்குக் காசு போட வேண்டியது இதில்தான். கல்சியமும் மகனீசியமும் தரும், புளிப்பைக் குறைக்கும். தேயிலைக்கு ஏற்ற பீஎச் (மண்ணின் புளிப்பளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5–5.5, போஞ்சிக்கு 6க்கு மேல் வேண்டும். தேயிலை நின்ற காணியில் போஞ்சி ஏன் சோம்புகிறது என்பதற்கு இதுவே பாதி விடை. அவ்வளவு புளிப்பில், காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துத் தரும் வேர் முடிச்சுகளும் ஒழுங்காக வேலை செய்யாது. விதைக்க இரண்டு மூன்று வாரம் முன்பே சதுர மீற்றருக்கு 200 கிராம் தூவி, 15 சென்ரிமீற்றர் ஆழம் வரை கொத்திக் கலக்க வேண்டும். யூரியாவோடோ பச்சைச் சாணத்தோடோ சேர்த்துப் போட்டால் நைதரசன் அமோனியாவாகப் பறந்துவிடும், இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள். அடுத்த போகம் உருளைக்கிழங்கு என்றால் கையைச் சுருக்குங்கள்: புளிப்பு அதிகம் குறைந்தால் கிழங்கில் சொறி வரும். முடிந்தால் முதலில் விவசாயப் போதனாசிரியர் மூலம் மண்ணைப் பரிசோதியுங்கள்.

மக்கிய மாட்டெரு, சதுர மீற்றருக்கு ஒரு கிலோ, மூன்றில் எதற்கும் மாற்றல்ல, மூன்றுக்கும் துணை. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி நின்றபோது எருவை மட்டும் நம்பியவர்களுக்கு அதன் மந்தகதி தெரிந்திருக்கும்.

கான் அடைத்திருந்தால் மேலே சொன்னவை எல்லாம் வீண் செலவு. நுவரெலியா, ஹட்டன் பக்கம் மே மாதத்துக்கு முன்பும், ஊவாவில் ஒக்டோபருக்கு முன்பும் பாத்தியை 15–20 சென்ரிமீற்றர் உயர்த்துங்கள். கானைச் சரிவுக்கு நேராக வெட்டாதீர்கள், மேல்மண் அத்தனையும் அதனோடு இறங்கிவிடும். குறுக்கே, லேசான சாய்வோடு வெட்டுங்கள்.