என் சம்பளத்தில் காசு பிடித்துக் கொடுத்த போனை வைத்தே என்னை வேவு பார்த்தார்கள், 780 வெள்ளியும் போச்சு

முந்தாநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு என் போன் பூட்டிக்கொண்டது. பேட்டரி நிறைய இருந்தது. திரையில் ஒரே ஒரு வரி: இந்தச் சாதனம் உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமானது. எந்த நிறுவனம்? அன்று மதியம்தான் நான் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தேன். மாதம் 65 வெள்ளி (ரிங்கிட்) வீதம் 12 மாதம் அந்தப் போனுக்குக் கட்டியவன் நான். 780 வெள்ளி! ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதுகிறேன், எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தையில். பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, எங்கள் வீட்டில் இன்னும் யார் வாயிலும் அது வருவதில்லை. சுற்றிலும் செம்பனை. தோட்டத்து மளிகைக் கடைகளுக்குச் சாமான் போடும் ஒரு மொத்த வியாபாரக் கம்பெனியில் லோரியோடு போய் இறக்கி, பில் எழுதி, காசு வசூலித்து வருவது என் வேலை. கம்பெனி பெயரைக் கேட்காதீர்கள், சொல்வதற்கில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் சூப்பர்வைசர் என்னைச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனார். எங்கள் பழைய தோட்டத்துக்காரர், அப்பாவோடு ஒரே பெரட்டில் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் வரிசை) நின்றவர். தே தாரிக் டீயும் ரொட்டி சானாயும் அவரே வாங்கிக் கொடுத்தார். "தம்பி, உன் போன் பழசு, நம்ம செயலி அதுல ஓடாது. கம்பெனி புது போன் தரும். மாசம் அறுபத்தஞ்சு வெள்ளி, ஒரு வருஷம். அப்புறம் போன் உனக்கு" என்றார். ஆங்கிலத்தில் மூன்று பக்கம் நீட்டினார். படித்துப் பார்க்கட்டுமா அண்ணே என்று கேட்டேன். "இதுல படிக்க என்னடா இருக்கு, வருகைப் பதிவுதான். நான் உன்னை ஏமாத்துவேனா?" என்று தோளில் தட்டினார். ரொட்டி எண்ணெய் ஒட்டிய கையோடு கையெழுத்துப் போட்டேன். அந்த எண்ணெய்க் கறை இன்னமும் என் பிரதியில் இருக்கிறது.

காலை ஏழு மணிக்கு முகத்தைக் காட்டினால் வருகை பதிவாகும். அவ்வளவுதான் என்று பத்து மாதம் நம்பினேன். ஒரு நாள் காய்ச்சல், எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்தேன். கிளினிக்கில் இருந்து வரும் வழியில் அம்மாவை ஈஜோக்கில் சித்தி வீட்டில் இறக்கிவிட்டேன். மறுநாள் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கேட்கிறார்: "எம்சி போட்டுட்டு ஈஜோக்ல நாற்பது நிமிஷம் என்ன வேலை?" நாற்பது நிமிஷம்! நானே கணக்குப் பார்க்கவில்லை. கணினியில் வரைபடத்தைத் திறந்து காட்டினார். ஓய்வு நாள், ராத்திரி, ஞாயிறு கோயில், எல்லாம் கோடு கோடாகக் கிடந்தது.

அம்மாவிடம் சொன்னேன். அந்தக் காலத்தில் தோட்டத்தில் வேலை வாங்கிய தண்டல்கூட பெரட்டு முடிந்தால் விட்டுவிடுவார் இல்லையா என்று கேட்டதற்கு அம்மா சிரித்துவிட்டாள். "யார் சொன்னா? வேலைக்கு வரலைன்னா லயத்து வாசலுக்கே வந்து கூப்பிடுவாரு. ஆனா அவரு வர்ற சத்தம் நமக்குக் கேட்கும்டா" என்றாள்.

சரி, 12 மாதத் தவணை முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து, போன் எனக்குச் சொந்தமான கையோடு விலகினேன். அப்படித்தான் நினைத்தேன். போன் பூட்டியதும் சூப்பர்வைசரை அம்மாவின் போனில் கூப்பிட்டேன். எச்ஆரைக் கேள் என்றார். ஷா ஆலாமில் இருக்கும் எச்ஆர் அம்மா, "அடிக் (தம்பி), இது கம்பெனி விதி, போன் விற்ற கடையைக் கேளுங்கள்" என்றார். கடைக்காரர், கம்பெனி விடுவித்தால்தான் திறக்க முடியும், அழித்துப் புதிதாகப் போட்டாலும் அதே திரைதான் வரும் என்றார். திரும்ப சூப்பர்வைசருக்குச் செய்தி அனுப்பினேன். இரண்டு நீல டிக், பதில் இல்லை. அப்பாவோடு நின்றவர்.

ராத்திரி உட்கார்ந்து அந்த மூன்று பக்கத்தையும் அகராதி வைத்துப் படித்தேன். 65 வெள்ளி தவணையே இல்லையாம், 'பயன்பாட்டுக் கட்டணம்'. விலகும்போது போனைத் திருப்பித் தர வேண்டுமாம். என்னை 24 மணி நேரமும் பார்ப்பதற்கு என்னிடமே வாடகை வாங்கியிருக்கிறார்கள், 780 வெள்ளி. உள்ளே அக்கா மகளுக்குப் பத்துமலையில் மொட்டையடித்த படங்கள் இருக்கின்றன. அதற்கு என்ன விலை போடுவது?

வக்கீல் ஆப்பிஸில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுத் தங்கைதான் விவரம் சொன்னாள். 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, எதற்காகத் தரவு எடுக்கிறார்கள் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுத்தில் அறிவிக்க வேண்டுமாம். என் தாளில் மலாய் ஒரு வரி இல்லை. எங்கே போகிறேன் வருகிறேன் என்று பார்ப்பதாகவும் ஒரு வரி இல்லை. 2024 திருத்தத்துக்குப் பிறகு முகப்பதிவு போன்ற பயோமெட்ரிக் விவரங்களும் கூடுதல் பாதுகாப்பு உள்ள தரவில் சேர்ந்துவிட்டன. ஆனால் இந்தச் சட்டப்படி புகார் செய்தால் தண்டனை கம்பெனிக்கு, என் 780 வெள்ளி அந்த வழியில் வராது. அதற்கு 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம், 24-ஆம் பிரிவு. சம்பளத்தில் நினைத்தபடி பிடிக்க முடியாது. நாமே எழுதிக் கேட்டாலும் சில பிடித்தங்களுக்கு ஆள்பல இலாகா (லேபர் ஆப்பிஸ்) தலைமை இயக்குநரின் முன்அனுமதி வேண்டுமாம். அப்படி ஒரு அனுமதி இருந்ததா என்று கேட்டேன். எச்ஆர் அம்மா போனை வைத்துவிட்டார்.

உங்களுக்குச் சொல்ல நிறைய யோசித்து வைத்திருந்தேன், இப்போது கை நடுங்குகிறது, சுருக்கமாக. புரியாத மொழியில் கையெழுத்துப் போடாதீர்கள், யார் தே தாரிக் வாங்கிக் கொடுத்தாலும். கம்பெனி போனில் வீட்டுப் படம், வங்கிச் செயலி எதுவும் வைக்காதீர்கள். சொந்தப் போனில் செயலி போடச் சொன்னால் இருப்பிட அனுமதியை 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று வையுங்கள், அமைப்பில் பாதுகாப்புப் பகுதிக்குப் போய் சாதன நிர்வாகி என்று எது இருக்கிறது என்றும் பாருங்கள். சம்பளச் சீட்டை எறியாதீர்கள்.

என்னிடம் 12 சீட்டும் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் 65 வெள்ளி. திங்கட்கிழமை லேபர் ஆப்பிஸுக்குப் போகிறேன், எண்ணெய்க் கறைத் தாளையும் எடுத்துக்கொண்டு. சூப்பர்வைசர் இன்று மத்தியானம் அம்மா போனுக்கு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார்: போனை எப்போது கொண்டுவந்து கொடுப்பான் உன் மகன்?