டவுனில தீசிஸ் குடுத்த கடை: பைண்டிங்குக்கு 4 ஸ்டார், மத்ததுக்கு 1

தீசிஸ் சீசன் தொடங்கினதில இருந்து ஒவ்வொருத்தரா இன்பாக்ஸில வந்து எந்தக் கடையில குடுத்த எண்டு கேக்கிறீங்க, அதால ஒரேயடியா எழுதிவிடுறன். கடைப் பேர் போடமாட்டன், மட்டக்களப்பு டவுனுக்குள்ள ஃபோட்டோகொப்பி, ஸ்கேன், பைண்டிங், டைப்பிங் எல்லாம் செய்யிற ஒரு கொமினிகேஷன்.

பைண்டிங் சுப்பர். கறுப்பு கவர், தங்க எழுத்து, ஒரு எழுத்துக்கூடக் கோணல் இல்ல, விலையும் பரவாயில்ல.

நான் மறுகா ஆசைப்பட்டு 120 கேள்விக்கொத்தையும் ஒரு கொப்பி எடுக்கவும், ஸ்கேன் பண்ணி எக்ஸெல்ல அடிக்கவும் அங்கயே குடுத்திட்டன், பிழை அதிலதான் தொடங்கிச்சு. என்ட தலைப்பு மைக்ரோ ஃபினான்ஸ் கடன் எடுத்த பொம்புளையள். என்னெல்லாம் கேட்டிருப்பன் எண்டு உங்களுக்கே விளங்கும்.

கொப்பியும் ஸ்கேனும் முடியுமட்டும் பக்கத்து தேத்தண்ணிக் கடையில நிண்டன். உளுந்து வடை ரெண்டு தாளில சுத்தித் தந்தாங்க. எண்ணெய் ஊறின தாளைப் பிரிச்சாப் பாதி சரிஞ்சு விழுந்த கொப்பி, மேல "14. கடன் கட்ட ஏலாம ஆராவது வீட்டுக்கு வந்து ஏசினாங்களா?", ஓம் எண்டதில சரி, பக்கத்தில என்ட கையெழுத்தில "தாலிக்கொடி அடகு". வடை தொண்டையில இறங்கல்ல.

கொப்பி எடுத்த கடைப் பெடியன்ட கேட்டா "அக்கா அது வேஸ்ட் கொப்பிதானே, பேர் ஒண்டும் இல்லையே" எண்டான். பேர் இல்லதான். ஆனா அதே தாளில மூண்டு பிள்ள, மாப்பிள்ள கட்டாரில, வீட்டில தையல் எண்டு இருக்கு, எங்கட ஊருகளில அது போதாதா? களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள்ள போய்ச் சொன்னாப் படலை வரைக்கும் கூட்டிக்கொண்டு விடுவாங்க.

இன்னொண்டு, இது முழுக்க என்ட மடத்தனம். சம்மதப் படிவத்தில ஐடி (அடையாள அட்டை) நம்பர் வாங்கி, அதைக் கேள்விக்கொத்தோடயே ஸ்டேப்ளர் அடிச்சிருந்தன். பழைய ஐடி நம்பர் 85632 எண்டு தொடங்கினா 85ஆம் ஆண்டு, பொம்புளையளுக்குக் கூட்டுற 500ஐக் கழிச்சா 132ஆவது நாள், பெப்ரவரியை எப்பவும் 29 நாளா எண்ணுறதால மே 11 பிறந்த பொம்புளை. பேரை மறைச்சு என்ன பிரயோசனம்? பேரும் நம்பரும் ஒரு கொப்பியில, பதில் தாள் வேறயா, ரெண்டையும் சேர்க்கிற கோட் லிஸ்ட் என்ட கையில மட்டும், இப்பிடித்தான் இருந்திருக்க வேணும். மிஸ் படிப்பிக்கக்குள்ள மனிசரை வச்சுச் செய்யிற மருத்துவ ஆராய்ச்சிக்கான ஒழுக்க நெறி, 1964 ஹெல்சின்கி பிரகடனம் எண்டு எழுதி மனப்பாடம் செஞ்சனான், சோதினைக்கு மட்டும்.

டைப்பிங் கடையில நடக்கவே இல்ல. ஸ்கேனெல்லாத்தையும் வட்ஸப்பில வெளியில ஆருக்கோ அனுப்பி வீட்டில வச்சு அடிச்சு எடுத்திருக்காங்க, நானாக் கேட்டாப்பிறகுதான் சொன்னாங்க. டெஸ்க்டொப்பிலயும் என்ட ஃபோல்டர் திறந்தபடி, பக்கத்தில இன்னொருத்தர்ட "நோயாளர் விபரம் ஃபைனல் ஃபைனல்". அழிக்கச் சொன்னா உடன அழிச்சாங்க, ரீசைக்கிள் பின்னுக்குள்ள அப்பிடியே கிடந்திச்சு, அதையும் நான்தான் காட்டினன்.

ஆனா முதலாளி நல்ல மனிசன். "தங்கச்சி, ரகசியம் எண்டு முதலே சொல்லியிருந்தா நான் மெஷினுக்குப் பக்கத்திலயே நிண்டிருப்பனே" எண்டார். அதுவும் ஞாயம். கடைக்காரன் வேலையத்தான் செஞ்சான், எதிக்ஸ் கமிட்டிக்கு "பூட்டிய அலுமாரி, பாஸ்வேர்ட்" எண்டு எழுதிக் குடுத்தது நான். 2022இன் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தரவை வச்சிருக்கிற ஆளையும் அவருக்காக அதில வேலை செய்யிற ஆளையும் பிரிச்சுத்தான் பாக்குது, அவரிட்டக் குடுத்திட்டு நான் கை கழுவ ஏலாது.

மிஸ்ஸிட்டச் சொல்லி, கமிட்டிக்கும் எழுதிக் குடுத்திட்டு, வடை சுத்தின தாளில இருந்த அந்த அக்காட வீட்டுக்கே போய்ச் சொன்னன். அவவை விட அவட அம்மாதான் கதைச்சா: "சுனாமிக்குப் பிறகு எத்தின பேர் வந்து எழுதிக்கொண்டு போனாங்க மனே, அந்தத் தாளெல்லாம் எந்த வடையில போச்சோ." எனக்கு வாய் திறக்க ஏலாமப் போச்சு.

இப்ப டேட்டா முழுக்க நானே ராவில இருந்து அடிக்கிறன். அந்தக் கடைக்குப் பைண்டிங்குக்குத் தாராளமாப் போங்க, விடியக் குடுத்தாப் பின்னேரம் கிடைக்கும். கொப்பியோ ஸ்கேனோ எடுக்கிறெண்டா மெஷினடியில நில்லுங்க, பிழைச்ச கொப்பியையும் எண்ணி வாங்கிக்கொண்டு வாங்க.