சே, டெல், சிக், இல்: குழப்பம் தீர ஒரு நல்ல அகராதி

ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் தேடுவது இப்போது ஒரு வேலையே இல்லை, கைப்பேசியில் தட்டினால் தமிழிலேயே வந்துவிடுகிறது. சிக்கல் வருவது ஏற்கெனவே தெரிந்த இரண்டு சொற்களில் எதை எங்கே போடுவது என்கிற இடத்தில்தான். சே (say), டெல் (tell) இரண்டுக்குமே 'சொல்' என்றுதான் செயலி காட்டும். அதை நம்பி ஒருவர் 'ஹீ டோல்ட் மீ' என்பதற்குப் பதிலாக 'ஹீ செட் மீ' என்று மெயில் எழுதினால் அவர்மேல் தப்பே கிடையாது, கையில் கிடைத்த கருவி அவ்வளவுதான்.

இதற்கு நான் எல்லோருக்கும் சொல்வது ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரீஸ் இணையதளம். இலவசம். பொருளை எளிய சொற்களில் தருகிறது, பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டையும் கேட்கலாம். இதெல்லாம் மற்ற தளங்களிலும் உண்டு. ஆனால் நான் இதைப் பிடித்துக்கொண்டு பேசுவதற்குக் காரணம் இதில் வரும் 'விச் வேர்ட்?' (எந்தச் சொல்?) என்ற விளக்கப் பெட்டிகள். சே என்று தேடினால், சே-க்குப் பின் நேரடியாக ஆளைப் போடக்கூடாது, 'டு' (to) வேண்டும், டெல்-லுக்குப் பின் பெரும்பாலும் ஆள் வந்தே ஆகவேண்டும் என்று உதாரணத்தோடு சொல்லிவிடுகிறது. உயரத்தைச் சொல்லும் ஹை (high), டால் (tall) பெட்டியும் அப்படித்தான்: மனிதர், மரம் என்றால் டால், மலை, சுவர் என்றால் ஹை.

எனக்கு மிகவும் பிடித்தது இல் (ill), சிக் (sick) பெட்டி. பிரிட்டனில் உடம்பு சரியில்லை என்பதற்குப் பொதுவாக 'இல்', அமெரிக்காவில் 'சிக்', ஆனால் 'நோயுற்ற குழந்தை' என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வைக்கும்போது இரண்டு நாட்டிலும் 'சிக் சைல்ட்' தான். அப்புறம் முக்கியமான ஒன்று, பிரிட்டனில் 'ஷீ வாஸ் சிக்' என்றால் பெரும்பாலும் அவள் வாந்தி எடுத்தாள் என்றே புரிந்துகொள்வார்கள். அங்கே நர்ஸ் வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த ஒரு வரி எவ்வளவு உதவும் என்று யோசித்துப் பாருங்கள்!

இந்த அகராதி இப்படி அமைந்ததற்கு அதன் பிறப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இதைத் தொடங்கிய ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். அங்கேயே 1942-ல் அச்சானதை ஆக்ஸ்ஃபோர்டு 1948-ல் மறுபடி வெளியிட்டது. வேற்றுமொழி மாணவன் எங்கே தடுக்கி விழுவான் என்று வகுப்பறையில் பார்த்தவர் போட்ட அடித்தளம் அது. நம் ஊர் வழக்கையும் ஒதுக்கவில்லை, 'ப்ரீபோன்' (குறித்த நேரத்தை முன்னதாக மாற்றுவது) இந்திய ஆங்கிலம் என்ற குறிப்போடு உள்ளே இருக்கிறது.

குறைகளும் உண்டு. விளம்பரங்கள் தொல்லை. அதைவிடப் பெரிய குறை, இவ்வளவு நல்ல பெட்டிகளை மூடியே வைத்திருக்கிறார்கள், தலைப்பைத் தட்டினால்தான் விரியும், அதனால் பலர் பார்க்காமலே கடந்துபோகிறார்கள். விளக்கம் முழுக்க ஆங்கிலத்தில்தான். தமிழ் வழியில் படிக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் தனியாகக் கொடுத்தால் ஒன்றும் ஏறாது, பெரியவர் யாராவது பக்கத்தில் உட்காரவேண்டும். அலுவலக மெயில் எழுதுகிறவர்கள், கல்லூரி மாணவர்கள், வெளிநாடு போவதற்கான ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறவர்கள் இவர்களுக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பேன்.

இதன் அச்சுப் புத்தகமான 'ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் டிக்‌ஷனரி' வாங்கலாமா என்றால், வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் வாங்குங்கள், அதில் பெட்டிகள் திறந்தே இருக்கும், புரட்டும்போது தானாகக் கண்ணில் படும். பத்தாம் பதிப்பு 2020-ல் வந்தது. அதுதான் வேண்டும் என்றில்லை, சே-யும் டெல்-லும் பதிப்புக்குப் பதிப்பு மாறப்போவதில்லை, பழைய புத்தகக் கடையில் எட்டாம் பதிப்போ ஒன்பதாம் பதிப்போ கிடைத்தாலும் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.