அறையின் ஒலியைச் சீர்செய்து தருகிறோம் என்று வருபவர்களிடம் எச்சரிக்கை: எனக்கு 42,000 ரூபாய் போனது

டவர் ஸ்பீக்கர் (தரையில் நிற்கும் உயரமான ஸ்பீக்கர்) வைத்திருப்பவர்களும் வாங்கப்போகிறவர்களும் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். "உங்கள் அறையை அளந்து, ஸ்பீக்கரைச் சரியான இடத்தில் வைத்து, ஒலியைச் சீர்செய்து தருகிறோம்" என்று என்னிடம் 42,000 ரூபாய் வாங்கிக்கொண்டவர்கள், வேறு யாருடைய வீட்டு அறிக்கையையோ என் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்று காலையில்தான் அதைக் கண்டுபிடித்தேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. கண்ணாடிக் கதவு, உள்ளே கம்பளம் விரித்த அறை, பாட்டுப் போட்டுக் காட்டும்போது விளக்கை மங்கலாக்குவது என்று இருக்கும் விலையுயர்ந்த ஆடியோ கடைகளில் ஒன்று.

எங்கள் கூடம் 14 அடிக்கு 11 அடி. சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை. அப்பா ஓய்வுபெற்ற பிறகு கச்சேரிப் பதிவுகளோடுதான் அவருடைய மாலைப்பொழுது. அவருக்காகத்தான் இந்த ஸ்பீக்கர்களை வாங்கினோம். ஸ்பீக்கர்களும் சோபாவும் எதிரெதிர்ச் சுவர்களை ஒட்டி இருந்தன. மிருதங்கத்தில் தொப்பி (கனத்த ஒலி தரும் பக்கம்) விழும்போதெல்லாம் அறையே கும்மென்று அதிர்ந்து பாடகரின் குரலை விழுங்கியது. கடையில் சொன்னேன். "அறைதான் காரணம், அளந்து சரிசெய்ய வேண்டும்" என்றார்கள். அந்தக் காரணம் உண்மைதான். அதனால்தான் நம்பினேன்.

வந்தவர் நன்றாகப் பேசினார். அப்பாவின் காலடியில் தரையில் உட்கார்ந்து, "ஐயா எந்த வித்வான் கேட்பீர்கள்?" என்று விசாரித்தார். முக்காலியில் மைக்கை நிறுத்தி, லேப்டாப்பிலிருந்து கீழ்ச்சுருதியில் தொடங்கி மேலே ஏறும் ஒலியை ஓடவிட்டார். திரையில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு. பக்கச் சுவர்களில் ஒரு அங்குலக் கறுப்பு ஃபோம் பலகைகளை ஒட்டினார். ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றி மறுபடி மாட்டினார். பிறகு அப்பாவை நடுவில் உட்காரவைத்து அதே கச்சேரியைப் போட்டார். கும்மென்ற சத்தம் இல்லை! "பார்த்தீர்களா மேடம், அறை அடங்கிவிட்டது" என்றார். அப்பா தலையாட்டினார். அந்த நிமிடத்தில்தான் 42,000 ரூபாயை அனுப்பினேன்.

அன்று இரவே அப்பா, "பாட்டு எங்கேயிருந்து வருகிறது என்றே தெரியவில்லையே அம்மா" என்றார். குரல் நடுவில் நிற்காமல் அறையெங்கும் கலைந்து கிடந்தது. சோபாவில் உட்கார்ந்தால் தொப்பி ஒலியே இல்லை. எழுந்து கதவுப் பக்கம் போனால் திரும்ப வந்தது. மறுநாளிலிருந்து கடைக்குத் தொலைபேசியில் பேசத் தொடங்கினேன். முதலில் சொன்னது, "புது ஸ்பீக்கர் பழக 200 மணி நேரம் ஆகும்." பிறகு, "உங்கள் பதிவுகள் பழையவை." பிறகு, "நல்ல கேபிள் போட்டால் சரியாகிவிடும், 18,000 ரூபாயில் ஒன்று இருக்கிறது." வந்து பார்க்கச் சொன்னால், அவர் வெளியூர் வேலையில் இருக்கிறாராம். பணத்தைக் கேட்டால், சேவைக்குக் கொடுத்த பணம் திரும்பாதாம். எனக்குத் தாங்காத பதில் கடைசியாக வந்தது: "இதெல்லாம் உங்களுக்குப் புரியாது மேடம், வீட்டில் சார் இருந்தால் பேசச் சொல்லுங்கள்."

புரிந்துகொள்ள உட்கார்ந்தேன். அவர்கள் அனுப்பிய அறிக்கையைப் பொறுமையாகப் படித்தேன். அறையின் அளவு 18 அடிக்கு 13 அடி, தரை மரம் என்று போட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் மரத்தரை ஏது? வரைபடத்தின் பெரிய மேடு 31 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 31 அதிர்வு) இருக்கிறது. ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். அடியை மீட்டராக மாற்றிக்கொண்டு, அதை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் நீளவாக்கில் அந்த அறை முதலில் அதிரும் சுருதி கிடைக்கும். 18 அடிக்கு அது 31. எங்கள் 14 அடிக்கு 40. பள்ளிக்கூடக் கணக்கு! யாருடைய கூடத்தையோ அளந்த காகிதத்துக்கு நான் 42,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

அடுத்ததைப் பார்த்தபோது கை நடுங்கியது. இடது ஸ்பீக்கரில் சிவப்பு முனையில் கறுப்பு ஒயர், கறுப்பு முனையில் சிவப்பு ஒயர். இப்படி ஒன்றை மட்டும் மாற்றி மாட்டினால், ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். நடுவில் உட்கார்ந்திருப்பவருக்குக் கீழ்ச்சுருதி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். "அறை அடங்கிவிட்டது" என்று காட்டியது இதைத்தான். தெரியாமல் செய்திருந்தால் அளக்க வருவதற்கே தகுதி இல்லை. தெரிந்து செய்திருந்தால் அது மோசடி. அந்த ஃபோமும் அப்படித்தான்: 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர், ஒரு அங்குலப் பஞ்சு அதை எப்படித் தடுக்கும்? பிய்த்தபோது சுவரின் பெயிண்டும் சேர்ந்து வந்தது. அந்தச் செலவு தனி.

ஒயரைச் சரியாக மாட்டி, ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து இரண்டரை அடி முன்னால் இழுத்து, சோபாவையும் பின்சுவரிலிருந்து நகர்த்தி, இரண்டு ஸ்பீக்கரும் சோபாவும் சமபக்க முக்கோணமாக வருமாறு வைத்தேன். ஸ்பீக்கர்களின் முகத்தைச் சற்று உள்பக்கம் திருப்பினேன். குரல் நடுவில் வந்து நின்றது. தொப்பி தொப்பியாகக் கேட்கிறது. இதற்கு ஒரு பைசா செலவில்லை. 42,000 ரூபாய் வாங்கியவர் ஸ்பீக்கரை இருந்த இடத்திலிருந்து ஒரு அங்குலம்கூட நகர்த்தவில்லை.

ஸ்பீக்கர் வைக்கும் முறை முழுவதையும் விரிவாக எழுத நினைத்திருந்தேன். இப்போது அதற்கு மனநிலை இல்லை. அவசரத்துக்கு இவை மட்டும்.

பணம் கொடுப்பதற்கு முன்பு நீங்களே நகர்த்திப் பாருங்கள், குறிப்பாகப் பின்பக்கம் காற்றுத் துளை உள்ள ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டாதீர்கள். யாராவது அளக்க வந்தால், சீர்செய்வதற்கு முன்பும் பின்பும் எடுத்த அளவுகளை உங்கள் கண்முன்னாலேயே சேமித்து வாங்குங்கள், அறையின் அளவு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஜிஎஸ்டி ரசீது இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். எனக்குக் கிடைத்தது கையால் எழுதிய துண்டுச்சீட்டு. ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது. வந்தவர் கிளம்புவதற்கு முன்பு சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு இருக்கிறதா என்று இரண்டு ஸ்பீக்கரிலும் குனிந்து பாருங்கள்.