மதுரை வெயிலுக்கு எந்த நார்? கீற்று, பனையோலை, வைக்கோல், தேங்காய் நார், வாழைநார்

அழகர்கோவில் பக்கமும் நத்தம் சாலையிலும் இடம் வாங்கிப் போட்டவர்களில் பலருக்கு இப்போது இயற்கை வீட்டு ஆசை வந்திருக்கிறது. சிமெண்டைக் குறைக்கணும், வெயில் உள்ளே இறங்கக் கூடாது, பக்கத்திலேயே விளைந்த பொருளாக இருக்கணும் என்பார்கள். அடுத்த கேள்வி, "நாரை வைத்துக் கட்டினால் நிற்குமா?" எந்த நார், வீட்டில் எந்த இடத்தில் என்று சொல்லாமல் கேட்டால் இதற்குப் பதிலே கிடையாது. கூரையில் இரண்டு மழைக்குத் தாங்காத பொருள் சுவருக்குள் ஒரு தலைமுறைக்கு நிற்கும். மண்ணில் நன்றாக இருக்கும் நார் சிமெண்டுக்குள் போனால் வீணாகும்.

கூரையிலிருந்தே தொடங்குவோம். சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கம் தென்னந்தோப்புக்குக் குறைவில்லை என்பதால் முடைந்த கீற்று எளிதில் கிடைக்கும். ஒரு சின்னக் கொட்டகையை ஒரே நாளில் வேய்ந்துவிடலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த கீற்று கறுத்து நொறுங்கத் தொடங்கிவிடும். ஆண்டுக்கொரு முறை, தள்ளிப்போட்டால் இரண்டு ஆண்டுக்கொரு முறை, மாற்றித்தான் ஆகவேண்டும். பனையோலை தடிப்பானது. சரிவை நன்றாகக் கொடுத்து நெருக்கமாக வேய்ந்தால் கீற்றைப்போல் இரண்டு மூன்று மடங்கு காலம் நிற்கும். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் போனால் மரத்துக்குப் பஞ்சமில்லை, ஏறி ஓலை வெட்ட ஆளுக்குத்தான் பஞ்சம். வேயத் தெரிந்தவர்களும் வயதானவர்களாகவே இருக்கிறார்கள். ஆள் கிடைத்தால் பனையோலை, கிடைக்காவிட்டால் கீற்று என்பதுதான் நடைமுறை.

இரண்டிலும் மாறாதது தீ. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் கீற்றுக் கொட்டகை எரிந்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள். சங்கிலியும், நெரிசலும், வெளியேற வழியில்லாததும் அந்தச் சாவுகளில் பங்குள்ளவைதான். ஆனாலும் படுத்து உறங்கும் அறைக்கு மேல் ஓலை வேய நான் சொல்ல மாட்டேன். திண்ணை, மாட்டுக்கொட்டில், தோட்டத்துப் பந்தல், மொட்டை மாடியில் சாயங்காலம் உட்கார ஒரு நிழல், இவற்றுக்கு ஓலையை மிஞ்ச எதுவுமில்லை. அடுப்பும் மின்கம்பியும் அருகில் இருக்கக் கூடாது. கீற்றுக்குப் பதில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட் போடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: அதன் தூசு நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரும் என்பதில் உலக சுகாதார நிறுவனத்துக்குச் சந்தேகமே இல்லை, பல நாடுகள் தடைசெய்துவிட்டன, இந்தியாவில் இன்னும் விற்கிறார்கள். தகரம் பாதுகாப்பானது. ஆனால் சித்திரை மாத மதியம் அதன் கீழே அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

உண்மையான போட்டி சுவரில்தான், வைக்கோலுக்கும் தேங்காய் நாருக்கும். மண் காயும்போது சுருங்கும், சுருங்கும்போது வெடிக்கும். அந்த வெடிப்பு நீளாமல் குறுக்கே பிடித்துக்கொள்வதுதான் நாரின் வேலை. மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணுக்கு வைக்கோலே போதும். நெல்வைக்கோலில் மணற்சத்தான சிலிக்கா அதிகம் என்பதால் மற்றப் புல்லைவிட மக்குவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளும். நறுக்கிய வைக்கோலை மண்ணோடு சேர்த்து மிதித்து, ஈரத்தோடு சில நாள் புளிக்கவிட்டால் மண் பசைபோல ஒட்டும். இயந்திர அறுவடைக்குப் பிறகு வைக்கோல் நைந்துபோகிறது என்று மாடு வளர்ப்பவர்கள் குறைபட்டுக்கொள்வார்கள். பூச்சுக்கு அந்த நைந்த வைக்கோல் கூடுதல் நல்லது, நறுக்கும் வேலை மிச்சம். ஒரே இடைஞ்சல், மாட்டுக்கும் சுவருக்கும் ஒரே பொருளுக்காக நாம் போட்டி போடுகிறோம். வறட்சி ஆண்டில் வைக்கோலைச் சுவரில் பூசுவதை ஊரில் யாரும் பாராட்ட மாட்டார்கள்.

திருமங்கலம், கள்ளிக்குடி பக்கத்துக் கரிசலுக்கு வந்தால் கதை வேறு. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும் மண் அது. மணல் கலந்து அதன் வீரியத்தைக் குறைத்த பிறகும் வைக்கோல் மட்டும் அதைக் கட்டுப்படுத்துவது கஷ்டம். இங்கே தேங்காய் நார் வேண்டும். நாரின் வலுவை அட்டவணையில் ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் இதைக் கழித்துவிடுவார்கள். இழுவிசையில் கற்றாழை நாரும் வாழைநாரும் தேங்காய் நாரைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு வலுவானவை. ஆனால் அவை சில விழுக்காடு நீண்டதுமே அறுந்துவிடும். தேங்காய் நாரோ 15 விழுக்காட்டுக்கு மேலும் நீண்டு கொடுத்துவிட்டுத்தான் அறும். சுருங்கி விரியும் கரிசலுக்குத் தேவை இந்த நீட்சிதான், முரட்டு வலு இல்லை. தவிர, தேங்காய் நாரின் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு லிக்னின், அதாவது மரத்தைக் கெட்டியாக்கும் பொருள். அதனால் ஈரம் பட்டாலும் சீக்கிரம் மக்காது, கரையானும் வைக்கோலைத் தின்பதுபோல் இதைத் தின்னாது. சிங்கம்புணரியில் கயிறு திரிப்பது பழைய தொழில் என்பதால் நாருக்குத் தூரம் போகவும் வேண்டாம். இரண்டு அங்குலத்துக்கு நறுக்கி, மண்ணின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்குக்குள் கலக்க வேண்டும். கூடினால் உருண்டு உருண்டு கட்டியாகும், கொத்தனார் உங்களைத் திட்டுவார்.

கொத்தனார் வேறொன்றும் சொல்வார்: "நாரெல்லாம் எதுக்குண்ணே, இன்னும் ஒரு மூட்டை சிமெண்டு சேத்தாப் போச்சு." நாரையும் சிமெண்டையும் ஒன்றாகச் சேர்ப்பதுதான் இருப்பதிலேயே மோசம். சிமெண்டுக் கலவையின் காரத்தன்மை (பி.எச். 12-க்கு மேல்) நாரிலுள்ள லிக்னினைக் கரைத்து அதை உதிர வைக்கும், வெளியில் பூச்சு திடமாகத் தெரியும், உள்ளே நார் வேலை செய்யாது. சிமெண்டில் ஒரு பங்கைக் குறைத்து அனல்மின் நிலையச் சாம்பலைச் சேர்த்தால் காரம் தணியும். தூத்துக்குடி பக்கத்தில் இருப்பதால் சாம்பலுக்கு அலைய வேண்டியதில்லை. சுண்ணாம்பும் முதலில் அதே காரம்தான், ஆனால் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக் கல்லாக மாறும்போது காரம் இறங்கிவிடுகிறது. ஆகவே நாருக்கு முதலில் மண், அடுத்து சுண்ணாம்பு, வேறு வழியே இல்லையென்றால் சாம்பல் சேர்த்த சிமெண்டு.

வாழைநாரை இரண்டு வரியில் முடித்துவிடலாம். பளபளப்பானது, பைக்கும் பாய்க்கும் அருமையானது, லிக்னின் குறைவு என்பதால் ஈரச்சுவரில் சீக்கிரம் மக்கிவிடும். அறைகளுக்கு நடுவே தடுப்புத் தட்டி செய்ய மட்டும் பயன்படுத்துங்கள்.

ஏற்கெனவே கான்கிரீட் வீட்டில் இருப்பவர்களுக்கு, மச்சின் அடியில் தேங்காய் நார் பாய் அடிப்பதுதான் கைக்கெட்டும் வழி. கான்கிரீட் கடத்தும் வெப்பத்தில் இருபதில் ஒரு பங்குகூட இந்தப் பாய் கடத்தாது. மேலே, மொட்டை மாடித் தள ஓட்டுக்குக் கீழே வைத்தால் வெயிலை இன்னும் நன்றாகத் தடுக்கும். ஆனால் ஒருமுறை ஒழுகினால் ஊறியே கிடக்கும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கே வைத்தாலும் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் நனைத்துக் காயவைத்துப் பொருத்துங்கள். தீ பரவுவதும் பூச்சி அரிப்பதும் குறையும். கடையில் ‘நார்ப் பலகை’ என்று வருபவற்றைப் பினால் ஃபார்மால்டிஹைடு என்ற செயற்கைப் பசையில் அழுத்தித்தான் செய்கிறார்கள். நல்ல பலகைதான், அலமாரிக்கு ஒட்டுப்பலகையைவிட மேல். ஆனால் அதை முழுக்க இயற்கை என்று சொல்லி விற்பது எனக்குப் பிடிக்கவில்லை.

மண்சுவருக்குப் போகிறவர்கள் மழையைக் காரணம் காட்டித் தயங்க வேண்டியதில்லை. மதுரையில் ஆண்டு முழுக்கப் பெய்வது சுமார் 850 மில்லிமீட்டர். கருங்கல் அடித்தளத்தை இரண்டடி உயர்த்தி, தாழ்வாரத்தை மூன்றடி வெளியே இழுத்தால் சாரல் சுவரைத் தொடாது. பூசுவதற்கு முன் உங்கள் மண்ணிலேயே மூன்று கலவை போடுங்கள்: வைக்கோல் மட்டும், தேங்காய் நார் மட்டும், இரண்டும் பாதிப்பாதி. ஒவ்வொன்றையும் இரண்டடிக்கு இரண்டடி, மேற்கு வெயில் விழும் சுவரில் பூசிப் பதினைந்து நாள் விடுங்கள். விரல் நகம் நுழையும் வெடிப்பு விட்ட கலவையைக் கழித்துவிட்டு, மிச்சமிருப்பதில் எது மலிவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.